திக்கற்ற பிள்ளைக்கு வேண்டியது வீடு



இம்மாதத் தியானத்திற்கு 2 இராஜாக்கள் 4:1-7 வரையுள்ள வசனங்களை ஒருமுறை வாசித்துக்கொள்ளுங்கள். தேவனுக்குப் பயந்து நடந்த ஒரு மனிதன் மரித்துப்போனான். மனைவியையும் இரண்டு குமாரரையும் தீராத கடனையும் விட்டுச்சென்றான். கடன் கொடுத்தவனோ பிள்ளைகளை அடிமைகளாகக் கொண்டுபோக வந்துவிட்டான். அந்த விதவை எலிசாவிடம் முறையிட்டபோது, பிள்ளைகளைத் தம்மிடத்தில் ஒப்படைக்கும்படி அவர் கேட்கவில்லை. வீட்டில் என்ன இருக்கிறதென்று விசாரித்தார். ஒரு குடம் எண்ணெய் இருந்தது. அயலகத்தாரின் பாத்திரங்கள் வந்தன, எண்ணெய் பெருகிற்று, கடன் தீர்ந்தது. மீந்ததைக்கொண்டு தாயும் பிள்ளைகளும் பிழைத்தார்கள். எண்ணெய் பெருகிய அற்புதத்தை நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். அந்த அற்புதத்தின் முடிவில் தாயும் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள் என்பதைக் கவனிக்கிறோமா?

போர்ட் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களை எண்ணிப்பாருங்கள். வேளி தோபிக்கானாவில் துணி வெளுக்கிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், பூக்கட்டி விற்கிறவர்கள் உண்டு. குடும்பத்தலைவன் திடீரென்று மரித்தால், சடலம் ஊருக்குப் போய்ச் சேர்ந்த சில வாரங்களிலேயே, “பிள்ளைகளை ஏதாவது ஓர் இல்லத்தில் சேர்த்துவிடலாமா?” என்ற கேள்வி எழும்புகிறது. இந்தக் கேள்விக்குச் சபை என்ன பதில் சொல்லப்போகிறது?

பரதேசிகளாய் வாழ்ந்த ஒரு ஜனம்

நம் கடற்கரையருகே டச்சுக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அந்த டச்சுக்காரர் 1663-ல் பீரங்கிகளோடு வந்து போர்த்துகீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்தார்கள். அதற்கு நூறு ஆண்டுகளுக்கும் முன்னரே, அவர்களுடைய நெதர்லாந்து தேசத்தில் பட்டயம் எடுப்பதில்லை என்று தீர்மானித்த வேறொரு கூட்டத்தார் இருந்தார்கள். 1536-ல் தம்முடைய குருத்துவத்தை விட்டு அவர்களோடு சேர்ந்துகொண்ட மெனோ சீமோன்ஸ் என்பவரின் பெயரால், அவர்கள் மெனோனைட்டுகள் என்று அழைக்கப்பட்டார்கள். விசுவாசித்தவர்களுக்கே ஞானஸ்நானம் என்று போதித்ததினிமித்தம் அவர்களில் அநேகர் இரத்தசாட்சிகளாய் மரித்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் திக்கற்றவர்களானார்கள். ஆகவே திக்கற்ற பிள்ளைகளைக் குறித்த பாரம் அவர்களுடைய சொந்த வீடுகளிலேயே பிறந்தது.

அவர்களும் நம்மைப்போலப் பெயர்ந்து சென்றவர்கள். நெதர்லாந்திலிருந்து விஸ்துலா நதியோரம், 1789 முதல் உக்ரைன், 1874 முதல் அமெரிக்காவும் கனடாவும் என்று தலைமுறைதோறும் இடம் மாறினார்கள். போன இடமெல்லாம் ‘வைசன்ஆம்ட்’ என்ற ஓர் ஏற்பாட்டைக் கொண்டுபோனார்கள். திக்கற்ற பிள்ளைகளின் காரியத்தைக் கவனிக்கும் அலுவலகம் என்பது அதன் பொருள். ஒரு வீட்டில் தகப்பனோ தாயோ மரித்தால், சபையார் தெரிந்துகொண்ட பொறுப்பாளர்கள் சொத்தையும் கடனையும் கணக்கெடுத்து எழுதுவார்கள். ஒரு பாதி உயிரோடிருக்கும் துணைக்கு. மறுபாதி பிள்ளைகளுக்கு, ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாக. பிள்ளைகளுக்கு நம்பிக்கையான காப்பாளர்களை நியமிப்பார்கள். பிள்ளையின் பணம் வட்டியோடு காக்கப்பட்டு, வயது வந்தபின் அவன் கையில் கொடுக்கப்படும். சித்தப்பனோ மாமனோ அதை விழுங்கிவிட முடியாது. ஜெபித்தார்கள், கணக்கும் எழுதினார்கள்!

பஞ்சத்தின் நாட்களில்

இந்தியாவின் மத்திய மாகாணங்கள் 1896-97-லும் 1899-1900-லும் கொடிய பஞ்சத்தால் வாடின. 1897-ல் ஜார்ஜ் லாம்பர்ட் என்பவர் அமெரிக்க மெனோனைட்டுகளின் உதவியோடு இந்தியாவுக்கு வந்தார். 1899-ல் அவர்களுடைய மிஷனெரிகள் இன்றைய சத்தீஸ்கரிலுள்ள தம்தரியில் ஊழியம் தொடங்கினார்கள். பெற்றோரைப் பஞ்சத்துக்குக் கொடுத்த பிள்ளைகள் வீதிகளில் கிடந்த காலம் அது. திரும்பிப் போக வீடே இல்லாத அவர்களுக்கு இல்லம் கட்டுவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. ஆயினும் வேலை அதோடு முடியவில்லை. 1906-ல் பாலோத்கஹன் என்ற கிராமத்தை மிஷன் விலைக்கு வாங்கியது. கிறிஸ்தவக் குடும்பங்கள் அங்கே நிலத்தை உழுது குடியிருந்தன. 1910-ல் தம்தரியில் மருத்துவமனையும் எழும்பியது. இல்லத்தில் வளர்ந்த பிள்ளை ஒருநாள் சொந்த வீட்டுக்காரனாக வேண்டும் என்பதே நோக்கமாயிருந்தது.

1920-ல் உக்ரைனில் பசி தலைவிரித்தாடியபோது, மெனோனைட் மத்தியக் குழு என்ற நிவாரண அமைப்பு உருவாயிற்று. முதலில் சென்றவர்களில் ஒருவரான கிளேட்டன் க்ராட்ஸ் என்ற வாலிபர் கைதுசெய்யப்பட்டார். அவர் திரும்பி வரவேயில்லை. ஆனாலும் ஊழியம் நிற்கவில்லை. 1922-ல் அவர்களுடைய சமையற்கூடங்கள் அன்றாடம் சுமார் 25,000 பேருக்கு ஆகாரம் கொடுத்தன. அதே ஆண்டில் 50 டிராக்டர்களையும் அனுப்பினார்கள். ஏன்? உழவு மாடுகளும் குதிரைகளும் அழிந்துபோயிருந்தன. இன்றைக்கு அப்பம் கொடுத்தவர்கள், அடுத்த ஆண்டின் அப்பத்தையும் யோசித்தார்கள்.

ஆப்பிரிக்காவில்

எய்ட்ஸ் நோய் ஆப்பிரிக்காவில் இலட்சக்கணக்கான தாய் தகப்பன்மாரை வாரிக்கொண்டுபோனபோது, பிள்ளைகளில் பெரும்பாலோர் பாட்டி வீட்டிலோ உறவினர் வீட்டிலோதான் வளர்ந்தார்கள். ஆகவே மெனோனைட்டுகள் அங்குள்ள சபைகளோடு சேர்ந்து அந்த வீடுகளைத் தாங்கினார்கள். பள்ளிப்படிப்புக்கு உதவினார்கள், நோயாளிகளை வீடு தேடிச்சென்று பார்த்தார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் சகோதரிகள் துண்டுத்துணிகளை இணைத்துப் போர்வை தைக்கிறார்கள். துணிப்பைகளில் நோட்டு, பென்சில், ஸ்கேல் நிரப்பி அனுப்புகிறார்கள்.

எத்தியோப்பியாவின் சாட்சி நம்மை மிகவும் தைரியப்படுத்துகிறது. இரண்டாம் உலகப்போரின் முடிவில் நிவாரணப் பணியாளர்களாய்ச் சென்றவர்கள் நாசரேத் என்னும் ஊரில் மருத்துவமனை நடத்தினார்கள். அந்த விதையிலிருந்து மெசரெத்தே கிறிஸ்தோஸ் என்ற சபை வளர்ந்தது. 1960-களில் அங்கே எழும்பிய பரிசுத்த ஆவியின் எழுப்புதலும் அந்தச் சபைக்குள் வந்தது. 1982-ல் கம்யூனிஸ்டு அரசு ஆலயங்களை மூடியபோது விசுவாசிகள் சுமார் 5,000 பேர். வீடுகளில் இரகசியமாய்க் கூடினார்கள். 1991-ல் கதவுகள் திறந்தபோது அவர்கள் 30,000 பேருக்கும் அதிகம்! ஒருகாலத்தில் உதவி பெற்ற அந்தச் சபையே இன்று தன் தேசத்து ஏழைகளுக்கு உதவும் ஊழியத்தை நடத்துகிறது.

நாம் செய்யவேண்டியது

தேவபிள்ளையே, கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒரு சேலையும் கேக்கும் கொடுத்து, புகைப்படம் எடுத்துக்கொண்டால் நம் கடமை தீர்ந்துவிடுமா? யாக்கோபு 1:27 திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்கிறது. தாயைத் தாங்காமல் பிள்ளையைத் தாங்க முடியாது.

முதலாவது, மரணம் நடந்த வீட்டுக்கு, எழுதப்படிக்கத் தெரிந்த இரண்டு பொறுப்பான விசுவாசிகளைச் சபை நியமிக்கட்டும். இறப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, காப்பீடு, குழுக் கடன் ஆகிய எல்லாவற்றையும் அவர்கள் எழுதி வைக்கட்டும். வேலை செய்த இடத்தில் பி.எஃப். ஓய்வூதியத்திட்டம் இருந்திருந்தால் விதவைக்கும், 25 வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகளுக்கும் ஓய்வூதியம் உண்டு. விண்ணப்பிக்கத் தெரியாமல் அதை இழந்துவிடக் கூடாது.

இரண்டாவது, அரசின் உதவியைத் தேடுங்கள். ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களின்படி, வருமான வரம்புக்குட்பட்ட விதவைத் தாயின் பிள்ளைக்கு, அவன் வீட்டிலிருந்தே படிக்க மாதம் ரூ.4,000 வரை உதவி கேட்கலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரியுங்கள்.

மூன்றாவது, இல்லம் என்பது கடைசி வழியாகவே இருக்கட்டும். 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டமும் இதையே சொல்கிறது. ஒருவருமில்லாத பிள்ளைக்கு இல்லம் தேவைதான். அப்போதும் அது சட்டப்படி பதிவு பெற்றதா என்று பாருங்கள். சேர்த்தபின் அவனை மறந்துவிடாமல் மாதந்தோறும் போய்ப் பாருங்கள்.

தனிமையானவர்களைக் குடும்பமாய்க் குடியிருக்கப்பண்ணுகிறவர் நம்முடைய தேவன் (சங். 68:6). எலிசாவின் நாட்களில் எண்ணெய் கர்த்தரிடமிருந்து வந்தது. பாத்திரங்களோ அயலகத்தாருடைய வீடுகளிலிருந்து வந்தன. இந்த மாதம் உங்கள் தெருவிலுள்ள விதவையின் வீட்டுக்கு எந்தப் பாத்திரத்தைக் கொண்டுபோகப் போகிறீர்கள்?

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.