ஹெலிகேஸை மதிப்பிட இன்னொரு அளவுகோல்

டிஎன்ஏவின் இரு இழைகளைப் பிரிக்கும் நொதி என்றே ஹெலிகேஸை வகுப்பறையில் அறிமுகப்படுத்துகிறோம். இரட்டிப்பாதலைப் பேசும்வரை இந்த வரையறையில் குறையில்லை. ஈ.கோலையில் டிஎன்ஏபி பின்தங்கும் இழையின் மீதும், மனிதச் செல்லில் எம்சிஎம் 2–7 அடங்கிய சிஎம்ஜி முன்னணி இழையின் மீதும் ஏடிபியைச் செலவிட்டு நகர, இரட்டிப்புக் கவை திறந்துகொண்டே போகிறது. பழுதுநீக்கத்துக்குள் நுழைந்ததும் இதே வரையறை நம்மைத் தடுமாற வைக்கிறது. மனிதருக்கு உள்ள ஐந்து ரெக்கியூ ஹெலிகேஸ்களில் வெர்னர் நொதியை இழந்த செல்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன. ஒருவகைப் புற்றுச் செல்கள் மட்டும் சில நாட்களில் மடிகின்றன. பிரிக்கும் திறனை மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு புரியாது. எந்தச் செல்லில், டிஎன்ஏவின் எந்தத் தடைக்கு முன்னால் அந்த நொதிக்கு மாற்றில்லை என்று கேட்டால்தான் புரியும். வெர்னர் ஹெலிகேஸைத் தடுக்கும் மருந்துகள் நோயாளிகளிடம் சோதிக்கப்படும் இந்நாளில், இந்தக் கேள்வி நமது பரிசோதனை முறைகளுக்குள்ளும் இடம்பெற வேண்டும்.

சோதனைக்குழாயில் தெரியும் திறனை மட்டும் நம்புவதில் உள்ள இடரை மூன்று சான்றுகள் காட்டும். புளூம் நோய்க்குறியின் மரபணு 1995இலும் வெர்னர் நோய்க்குறியின் மரபணு 1996இலும் அடையாளம் காணப்பட்டன. இரு புரதங்களும் 3'லிருந்து 5' நோக்கி நகர்பவை. ஜி-குவாட்ரப்ளெக்ஸ், ஹாலிடே சந்தி போன்ற ஒரே வகைக் கட்டமைப்புகளை இரண்டும் அவிழ்க்கின்றன. ஆனால் புளூம் நோயாளிக்குக் குள்ளமும், வெயில் பட்டால் சிவக்கும் தோலும், இளமையிலேயே பலவகைப் புற்றும் வருகின்றன. வெர்னர் நோயாளிக்கோ பருவ வயதுக்குப் பின் நரையும் கண்புரையும் நீரிழிவும் முந்திக்கொள்கின்றன. புளூம் நொதி டோப்போஐசோமரேஸ் 3 ஆல்ஃபா, ஆர்எம்ஐ1, ஆர்எம்ஐ2 ஆகியவற்றோடு சேர்ந்து இரட்டை ஹாலிடே சந்திகளைக் கரைப்பதும், அது இல்லாதபோது சகோதர குரோமாட்டிட் பரிமாற்றம் ஏறத்தாழ 10 மடங்கு உயர்வதும், கூட்டாளிப் புரதங்களே பணியை வகுக்கின்றன என்பதற்குச் சாட்சி. அடுத்தது, ஒரு புரதக் கூட்டின் அங்கமான எக்ஸ்பிபி ஹெலிகேஸ். நியூக்ளியோடைடு வெட்டுத் திருத்தத்துக்கு அதன் ஏடிபி பகுக்கும் திறன் தேவை, இழை பிரிக்கும் திறன் தேவையில்லை என்று 2007இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதே கூட்டில் உள்ள எக்ஸ்பிடியோ இழைகளைப் பிரித்தே ஆக வேண்டும். மூன்றாவதாக, வெர்னர் நோயாளிகளின் மரபணு மாற்றங்களில் பல, புரதத்தைப் பாதியில் துண்டித்து, அதன் கடைக்கோடியில் உள்ள உட்கரு நுழைவுக் குறியீட்டை நீக்கிவிடுகின்றன. இழை பிரிக்கும் இயந்திரப் பகுதி தப்பினாலும் உட்கருவுக்குள் போக முடியாத ஹெலிகேஸால் பயனில்லை.

இவ்வாதத்துக்கு மிக வலுவான ஆதாரம் புற்றுநோயிலிருந்து வந்தது. மைக்ரோசாட்டலைட் நிலையின்மை கொண்ட பெருங்குடல், கருப்பை உட்படலம், இரைப்பைப் புற்றுச் செல்கள் வெர்னர் ஹெலிகேஸ் இன்றி வாழ முடிவதில்லை என்று 2019இல் பல ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே அறிவித்தன. அந்நொதியிடம் எக்சோநியூக்ளியேஸ் திறனும் உண்டு. ஆனால் அச்செல்களைக் காத்தது ஹெலிகேஸ் திறனே. காரணம் 2020இல் தெளிவானது. பொருந்தாக் கார இணைகளைத் திருத்தும் அமைப்பு பழுதுபட்ட செல்களில் தைமின்–அடினின் இரட்டை மீள்வரிசைகள் நீண்டுபோகின்றன. நீண்டவை சிலுவை போன்ற வடிவங்களாக மடிந்து கவையை நிறுத்துகின்றன. வெர்னர் நொதி அவற்றை அவிழ்த்தால் செல் பிழைக்கும். இல்லாவிட்டால் மஸ்81 முதலிய நொதிகள் அங்கே வெட்டுவதால் குரோமோசோம்கள் சிதறும். மற்ற ரெக்கியூ ஹெலிகேஸ்கள் உடனிருந்தும் இந்த இடத்தை நிரப்பவில்லை.

இதிலிருந்து நடைமுறைக்கு வரும் முடிவு ஒன்று: வெர்னர் தடுப்பானுக்கு நோயாளியைத் தேர்வுசெய்யும்போது தைமின்–அடினின் வரிசைகளின் நீளத்தையும் நேரடியாக அளக்க வேண்டும். நாம் இன்று நிலையின்மையை வழக்கமாக அறிவது எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 ஆகிய நான்கு புரதங்களின் திசுச் சாயமேற்றலாலோ, பெரும்பாலும் பேட்-25, பேட்-26 போன்ற ஒற்றைக் கார வரிசைகளைப் பார்க்கும் பிசிஆர் தொகுப்பாலோதான். பெம்ப்ரோலிசுமாப் மருந்துக்கு இது போதுமானதாக இருக்கிறதே, புதிய சுமை எதற்கு என்று கேட்கலாம். நோயெதிர்ப்பு மருந்து சார்ந்திருப்பது சட்ட நகர்வு மாற்றங்கள் உண்டாக்கும் அயல் புரதத் துண்டுகளை. வெர்னர் தடுப்பான் சார்ந்திருப்பது நீண்ட தைமின்–அடினின் வரிசைகளை. இரண்டும் ஒரே குறைபாட்டில் பிறந்தாலும் ஒரே வேகத்தில் வளர வேண்டியதில்லை. திருத்த அமைப்பைப் புதிதாக இழந்த செல்கள் உடனே வெர்னர் நொதியைச் சார்ந்துவிடுவதில்லை. நெடுநாள் இழந்திருந்த செல்களுக்கு அதைத் திருப்பிக் கொடுத்தாலும் சார்பு முழுதாக நீங்குவதில்லை. அந்தச் சார்பு காலப்போக்கில் டிஎன்ஏவில் சேர்ந்த சுமை. குறுகிய துண்டுகளை வாசிக்கும் வரிசையறி முறைகள் இந்நீட்சிகளைத் தவறவிடக்கூடும் என்பதால், இருக்கும் தரவிலேயே தேடினால் போதும் என்ற சமாதானமும் நிற்காது.

இன்னும் கடுமையான மறுப்பு, பாதுகாப்பைப் பற்றியது. பிறவியிலேயே இந்நொதி இல்லாதவர்கள் நடுவயதிலேயே இறக்கும்போது அதைத் தடுக்க மருந்து தரலாமா? வெர்னர் நோயாளிகள் பருவ வயதுவரை ஏறக்குறைய இயல்பாகவே வளர்கிறார்கள். சேதம் பல்லாண்டு இழப்பில் மெல்லத் திரள்கிறது. புற்றுச் செல்லோ சில சுழற்சிகளிலேயே சிதறுகிறது. இந்தக் கால இடைவெளியே சிகிச்சைக்கான வாய்ப்பு. ஆயினும் எலிகளைக் காட்டி ஆறுதல் சொல்வது தவறு. வெர்னர் மரபணு மட்டும் நீக்கப்பட்ட எலிகள் ஏறத்தாழ நலமாக வாழ்வதற்கு அவற்றின் நீண்ட டெலோமியர்கள் முக்கியக் காரணம். டெலோமரேஸையும் நீக்கினால் முதுமைக் குறிகள் வெளிப்படுகின்றன. ஹெலிகேஸின் இரு மடல்களுக்கிடையே பிணையும் எச்ஆர்ஓ761, சிஸ்டீன் 727ஐப் பற்றிக்கொள்ளும் விவிடி-214 ஆகியவை 2023 முதல் முதற்கட்டச் சோதனைகளில் உள்ளன. சார்கோமா, தைராய்டு புற்று, கண்புரை ஆகியவற்றுக்கான நீண்டகாலக் கண்காணிப்பை இத்தகைய சோதனைகள் தொடக்கத்திலேயே திட்டமிட வேண்டும்.

இத்துறையில் பணிபுரிவோருக்கு எங்கள் பரிந்துரைகள் இரண்டு. வெர்னர் தடுப்பான் சோதனைகளில் சேரும் ஒவ்வொரு கட்டியிலும் தைமின்–அடினின் வரிசைகளின் நீளத்தை நீள்வாசிப்பு முறையில் அளந்து, பலனோடு ஒப்பிட்டு வெளியிடுங்கள். பலன் தராத நோயாளிகளின் தரவையும் சேர்த்தே வெளியிடுங்கள். ஹெலிகேஸ் மரபணு மாற்றங்களுக்கு அறிக்கை எழுதும்போது, இயந்திரப் பகுதி பழுதா என்பதோடு நில்லாமல், புரதம் உட்கருவைச் சேர்கிறதா, கூட்டாளிகளோடு இணைகிறதா என்பதையும் குறிப்பிடுங்கள். இவற்றை அளக்காமல் மருந்தின் வெற்றியையோ தோல்வியையோ அறிவித்தால், அந்தத் தீர்ப்புக்கு அறிவியல் மதிப்பு இராது.