கோட்டையும் திரிகையும்

இடைக்கால ஐரோப்பா என்றதும் கோட்டை, கொடி, குதிரை வீரர் என வகுப்பறையில் வருணிக்கத் தொடங்கிவிடுகிறோம். பிரபு காத்தான், குடியானவன் உழைத்தான்; நிலமானிய முறை இருவரும் மனமொப்பிச் செய்துகொண்ட ஏற்பாடு என்பாரும் உளர். இக்கூற்றை மறுத்தே ஆகவேண்டும்.

மனமொப்பியவர் யார்? இங்கிலாந்தின் பண்ணையடிமை வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிரபுவின் நிலத்தில் கூலியின்றி உழைத்தான். தன் தானியத்தைப் பிரபுவின் ஆலையிலேயே கட்டணம் கொடுத்து அரைத்தான். மகளை மணமுடிக்கவும் பணம் கட்டினான். அவன் இறந்தால், வீட்டிலிருந்த சிறந்த கால்நடை பிரபுவின் தொழுவத்துக்குப் போயிற்று. இசைவின்றி ஊரைவிட்டு நீங்கவும் உரிமையில்லை. விலக முடியாத ஏற்பாட்டுக்கு ஒப்பந்தம் என்று பெயரா?

1348இல் பரவிய கொள்ளைநோய் மக்களில் மூன்றில் ஒரு பங்கினரையேனும் மாய்த்தது. ஆள் குறையவே கூலி உயர்ந்தது. உடனே, நோய்க்கு முந்தைய கூலிக்குமேல் பெறுவது குற்றம் என்றது 1351ஆம் ஆண்டுச் சட்டம். காப்பவர் செய்யும் செயலா இது?

செயிண்ட் ஆல்பன்ஸ் நகருக்கு அங்கிருந்த கிறித்தவ மடமே பிரபு. தம் ஆலைக்கு வாராமல் வீட்டிலேயே மாவரைத்த மக்களின் திரிகைகளை மடத்தலைவர் பறித்து, மடத்தின் தரையில் பதித்தார். அரை நூற்றாண்டு கழித்து, 1381ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில், மக்கள் அத்தரையைப் பெயர்த்துக் கற்களைப் பங்கிட்டுக்கொண்டனர். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது, மனமொப்பவில்லை என்னும் சான்று நிலைத்துவிட்டது.

ஆசிரியர்களே, கரும்பலகையில் கோட்டையை வரையுங்கள். அருகே ஒரு திரிகையையும் வரையுங்கள். அதைச் சுற்றியவர் யார், பறித்தவர் யார் என மாணவர் வினவட்டும். அதுவே வரலாற்றுப் பாடம்.