பிளவில் இறங்கிய கங்கை

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தை 'அருச்சுனன் தவம்' என்பர் ஒருசாரார். 'பகீரதன் தவம்' என்பர் மற்றொருசாரார். இவ்வழக்கில் பாறையையே சாட்சிக்கு அழைத்தல் தகும். இயற்கை வகுத்த பிளவைப் பல்லவச் சிற்பி தூர்க்கவில்லை. அதனையே ஆறாக்கிக் கைகூப்பிய நாகர்களை அதனுள் அமைத்தான். உச்சியில் நீர் தேக்கி அவ்வழியே வழியவிட்டமைக்குத் தொட்டியின் தடயமும் உண்டு. பாசுபதம் வேண்டியவனுக்கு இத்துணை நீர் எதற்கு? இமயத்துத் தவமாதலின் ஆறு வந்தது என்பது வலிந்து கூறுதலேயாம்.

நீர் வந்ததும் யானை கன்றுகளோடு நிற்கிறது. மான் பின்னங்காலால் மூக்கைச் சொறிகிறது. எலிகள் சூழப் பூனையும் கையுயர்த்தித் தவம் புரிகிறது. புனிதத்தினிடையே இக்கேலியை வைத்த துணிவுதான் என்னே!

அதே செங்கற்பட்டுப் பகுதியின் வேடந்தாங்கலிலும் நீரே பறவைகளை அழைக்கிறது. அவற்றின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாதல் கண்ட ஊரார் வேட்டையைத் தடுத்தனர். 1798இல் ஆங்கில ஆட்சியரிடம் அதற்கு எழுத்துறுதியும் பெற்றனர். நம் கல்லூரிச் சுற்றுலாக்களோ சிற்பத்தின்முன் நிழற்படம் எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு விரைகின்றன. மாணவரை மார்கழியிலோ தையிலோ முதலில் ஏரிக்கரையில் நிறுத்துக. பாறையைப் பிற்பகலில் காட்டுக. பெயர் வழக்கை அவர்களே தீர்த்துக்கொள்வர்.