வீட்டுக்குக் கைப்பிடிச்சுவர், வண்டிக்கு பிரேக்



காயல்பட்டினத்தில், திருச்செந்தூர் செல்லும் சாலையோரமுள்ள ஒரு பணிமனையில் மூன்று வாரங்களாக ஒரு பழைய மெட்டடோர் வேன் நின்றுகொண்டிருக்கிறது. நண்பர் ஒருவருடையது. ஒரு காலத்தில் நம் பகுதியில் கலியாணத்திற்கும் அசனத்திற்கும் ஆட்களை நெருக்கி ஏற்றிச் சென்ற அதே வகை வண்டிதான். இப்போது அதனுள்ளே இரண்டு கட்டில்கள், ஒரு சமையல் மேடை, 150 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. கூரையின்மேல் சூரியத் தகடுகள். பணி ஓய்வுக்குப் பின் மனைவியோடு அதிலேயே தங்கி ஊர் ஊராகப் போகவேண்டும் என்பது அவருடைய பல்லாண்டு ஆசை. முதல் பயணம் கொல்லிமலைக்கு. என்னை அழைத்துச் சென்று ஒவ்வொன்றாகக் காட்டினார். பிரேக் எப்படி என்று கேட்டேன். "பழசுதான் ஐயா, ஆனா பிடிக்குது" என்றார்.

அந்தப் "பிடிக்குது" என்ற சொல் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், வாலிபர் கூடுகை முடிந்து மலையிறங்கிய ஒரு வேனில் நானும் இருந்தேன். ஏறும்போது பிடித்த பிரேக்தான். இறங்குகையில் பாதி வழியில் ரப்பர் தீய்ந்தாற்போல ஒரு நாற்றம் வந்தது. அடுத்த வளைவில் ஓட்டுநரின் காலடியில் பெடல் பஞ்சுபோல் அமிழ்ந்துவிட்டது. அவர் வண்டியைப் பள்ளத்தின் பக்கம் விடாமல் மலைச்சுவரில் உரசி நிறுத்தினார். இரண்டு பேருக்குக் கை முறிந்தது. பதினேழு பேர் உயிரோடு இறங்கினோம். அன்று பாடிக்கொண்டே ஏறிய பிள்ளைகள் எவரும் இறங்கிய பின் ஒரு வார்த்தை பேசவில்லை.

உபாகமத்தின் 22ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு கட்டளை இருக்கிறது. புதிதாக வீடு கட்டுகிறவன் மொட்டைமாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும். எழுப்பாமல் விட்டு ஒருவன் விழுந்தால் பழி அந்த வீட்டுக்கு. நண்பர் கட்டியிருப்பது ஒரு வீடு. கட்டிலும் அடுப்பும் வந்துவிட்டன. கைப்பிடிச்சுவர் இன்னும் வரவில்லை. விழக்கூடியவர்கள் உள்ளே இருப்பவர்கள் மட்டுமா? ஆறுமுகநேரி வளைவில் மிதிவண்டியில் வரும் பள்ளிப்பிள்ளையும்தான்.

பிரேக் செய்யும் வேலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஓடும் வண்டியின் வேகத்தை அது வெப்பமாக மாற்றுகிறது. வேறு மாயம் ஏதுமில்லை. 3000 கிலோ எடையுள்ள வேன் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது ஒருமுறை முழுவதுமாக நிறுத்தினால் எழும் வெப்பம், ஏறத்தாழ 1.4 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். அதே வண்டி 1000 மீட்டர் உயரத்திலிருந்து பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், அப்படி 70 முறை நிறுத்தியதற்கு ஈடான வெப்பம். கொல்லிமலைச் சாலையிலுள்ள கொண்டை ஊசி வளைவுகளும் 70. இதனாலேயே ஏறிய கியரில் இறங்கு என்று முதிய ஓட்டுநர்கள் சொன்னார்கள். அது இன்றும் சரியே. ஆயினும் எஞ்சின் முழுச் சுமையையும் தாங்காது.

பழைய டிரம் பிரேக்கில் கட்டைகள் உருளையின் உட்புறத்தை அழுத்துகின்றன. சூடேறினால் உருளை விரிந்து கட்டையைவிட்டு விலகுகிறது. வெப்பமும் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. டிஸ்க் பிரேக்கில் தட்டு வெளிக்காற்றில் சுழல்கிறது. நனைந்தாலும் சீக்கிரம் உலர்கிறது. இது புதுமையுமல்ல. இங்கிலாந்தின் லான்செஸ்டர் 1902இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். 1953இல் லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் கார் டிஸ்க் பிரேக்கோடு வென்ற பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது.

ஆகவே டிஸ்க்குக்கு மாறுங்கள் என்று சொல்லிவிட்டு நான் போய்விடலாம். ஆனால் அரைகுறையாக மாற்றுவதைவிட நல்ல டிரம்மே மேல் என்பது என் உறுதியான கருத்து. பழைய இரும்புக் கடையில் கிடைத்த தட்டையும் காலிப்பரையும் முன்சக்கரத்தில் பூட்டிவிட்டு, "டிஸ்க் போட்டாச்சு" என்று மகிழ்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். டிரம்மின் கட்டை சுழற்சியாலேயே தன்னை இன்னும் இறுக்கிக்கொள்ளும். டிஸ்க்குக்கு அந்த உதவி கிடையாது. எனவே கால் அழுத்தத்தைப் பெருக்கும் பூஸ்டர் வேண்டும். பூஸ்டருக்கு வெற்றிடம் வேண்டும். டீசல் எஞ்சினில் அது தானாகக் கிடைக்காது, தனியே ஒரு வெற்றிடப் பம்பு வேண்டும். காலிப்பரின் பெரிய பிஸ்டனுக்கு அதிக எண்ணெய் தேவை. மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றவேண்டும். டிரம்முக்கென வைத்திருந்த அழுத்தத் தடுப்பிதழை எடுக்காவிட்டால் பேடு தட்டை விடாமல் உரசிக்கொண்டே ஓடும். பின்சக்கரம் முன்சக்கரத்துக்கு முன்பாகப் பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும். முன்பின் பங்கீட்டைச் சரிபார்க்கவேண்டும்.

பணிமனைக்காரரை ஊரார் காக்கா என்று அழைப்பார்கள். நானும் அப்படியே அழைக்கிறேன். அவர் வண்டிக்கடியில் படுத்தபடியே ஒன்று சொன்னார்: "டிஸ்க் இருக்கட்டும் ஐயா. இதுல நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன். ஒரு இடத்துல ஒழுகினா நாலும் போச்சு. முதல்ல இதை ரெண்டாப் பிரிப்போம்." எனக்கு முழுச் சம்மதம். ஒரே ஒரு மாற்றத்துக்குத்தான் பணம் இருக்கிறதென்றால் டிஸ்க்கை ஒத்திவைத்துவிட்டு இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரையே வாங்குங்கள். அது கண்ணுக்குத் தெரியாது, யாரும் பாராட்டமாட்டார்கள்.

நண்பருக்கு வேறொரு தயக்கம். பழமை கெட்டுவிடுமே என்கிறார். 2021 ஜூலையில் நடுவண் அரசு பழங்கால வாகனங்களுக்கெனத் தனிப் பதிவு விதிகளை அறிவித்தது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் காக்கப்பட்ட வண்டிக்கு வி.ஏ. என்ற எழுத்துகளோடு எண் கிடைக்கும். ஆனால் அவ்வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்ட அனுமதியில்லை. அப்படியானால் அவர் தேர்ந்துகொள்ளவேண்டும்: காட்சிப்பொருளா, குடியிருக்கும் வீடா? கட்டில் போட்ட அன்றே அவர் தேர்ந்துவிட்டார் என்பேன். பழமைக்கும் ஓர் எடுத்துக்காட்டு. உலகெங்கும் பயண வீடாக விரும்பப்படும் வோல்க்ஸ்வாகன் வேனுக்கு, 1971 மாடல் முதல் அந்நிறுவனமே முன்சக்கர டிஸ்க் பிரேக் கொடுத்தது. செய்தவரே திருத்திக்கொண்டதை நாம் மட்டும் ஏன் பூசிக்கவேண்டும்?

எனினும் சட்டத்தைத் தாண்டாதீர்கள். பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. வேனை வீடாக்கியதற்கே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். பிரேக்கையும் அதே விண்ணப்பத்தில் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

நம் கடற்கரை வாசகர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர்வரை நாம் சுவாசிப்பது உப்பளக் காற்று. பயண வண்டிகள் மாதக்கணக்கில் நிற்பவை. நிற்கும் வண்டியின் டிஸ்க் துருவேறும். காலிப்பரின் ஊசிகள் இறுகும். இரும்புக் குழாய் வெளியே பெயின்டோடு அழகாக இருந்து உள்ளே அரித்துப்போகும். பிரேக் எண்ணெயோ காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது. புதிய டாட் 3 எண்ணெய் 205 டிகிரிவரையேனும் கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140க்கு இறங்கிவிடலாம். மலையில் அது கொதித்தால் குழாயில் ஆவிதான் இருக்கும். ஆவியை அழுத்தி வண்டியை நிறுத்த முடியாது. அன்று எங்கள் ஓட்டுநரின் காலடியில் நிகழ்ந்தது அதுவே. இரண்டு ஆண்டுக்கொருமுறை எண்ணெயை மாற்றுங்கள். வாரம் ஒருமுறையேனும் வண்டியை எடுத்துச் சில கிலோமீட்டர் ஓட்டி, நன்றாகப் பிரேக் பிடித்துத் திரும்புங்கள்.

நேற்று மாலை மீண்டும் பணிமனைக்குப் போயிருந்தேன். இரட்டைச் சுற்றுக் குழாய்கள் பூட்டியாகிவிட்டன. முன்சக்கர டிஸ்க்குக்குப் பழைய சக்கர வளையம் இடம் கொடுக்கவில்லை. வேறு வளையத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள். கொல்லிமலை ஒரு மாதம் தள்ளிப்போயிற்று. நண்பரின் முகம் வாடித்தான் இருந்தது. தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, கட்டில்களின்மேல் மணல் மூட்டைகளை ஏற்றி, வரும் சனிக்கிழமை விடியுமுன் ஆளில்லாத சாலையில் முதல் சோதனை ஓட்டம். காக்கா ஓட்டுவார். பின்னால் என் ஸ்கூட்டரில், நல்ல இடைவெளி விட்டு, நான் வருவேன்.