நோயாளர் சொல் அம்பலம் ஏறுமா?

மருத்துவமனையை நடத்துவோர் யார் யார் என்று வினவினால், மருத்துவர், செவிலியர், மருந்தாளர் என விரல் மடக்கி எண்ணுவோம். நோயாளியை அக்கணக்கில் சேர்ப்போர் அரியர். அவர் எச்.ஐ.வி. தொற்றுடையவர் எனில் சொல்லவே வேண்டுவதில்லை.

இந்நிலையை மாற்றத் துணிந்தவர்கள் தொற்றுடையோரே. 1983இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் கூடிய சிலர், தம்மைப் பற்றி முடிவெடுக்கும் இடங்களிலெல்லாம் தமக்கும் இடம் வேண்டுமென அறிவித்தனர். 1994இல் பாரிஸ் மாநாட்டில் 42 நாடுகள் அக்கொள்கையை ஏற்றுக் கையொப்பமிட்டன. நம் நாட்டில் இத்தொற்று முதன்முதலாக 1986இல் கண்டறியப்பட்டது சென்னையில். தொற்றுடையோர் தமக்கென நாடு தழுவிய கூட்டமைப்பை 1997இல் தொடங்கியதும் அந்நகரிலேயே.

நோயாளியைக் கேட்பதால் பயன் என்ன? குருதியில் கிருமி எவ்வளவு என்பதை மருத்துவர் அறிவார். மருந்து வாங்க வரும் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போவதையும், பெயர்ப்பலகையின் கீழ் நிற்கையில் தெரிந்தவர் எவரேனும் பார்த்துவிடுவாரோ என்று அஞ்சிப் பாதி வழியில் திரும்புவதையும் வரிசையில் நிற்பவரே அறிவார். மருந்தோ நாள் தவறாமல் உண்ண வேண்டியது. இடையிடையே விட்டால் கிருமி அதற்கு அடங்காததாகிவிடக்கூடும். ஆகவே கூலியும் பலகையும் அற்பச் செய்திகள் அல்ல.

2004 ஏப்ரல் முதல் அரசு இம்மருந்தை இலவசமாக வழங்கி வருகிறது. சிகிச்சை நிலையங்களில் வழிகாட்டும் பணிக்குத் தொற்றுடையோரையே அமர்த்தும் வழக்கமும் உண்டு. நல்ல ஏற்பாடே. ஆயினும் வழிகாட்டுவது வேறு, முடிவெடுக்கும் அவையில் அமர்வது வேறு. 2022இல் மருந்துத் தட்டுப்பாட்டை எதிர்த்து, புதுதில்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகத்தில் நோயாளர்கள் வாரக்கணக்கில் அமர்ந்து போராடினர். அவையில் ஒலித்திருக்க வேண்டிய குரல் வாயிற்படியில் ஒலித்தது!

நம்மவரோ பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்தவர்கள். ஊரில் பதிவு செய்த சிகிச்சையை இங்குள்ள நிலையத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். 1097 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியில் விவரம் கேட்கலாம். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம், தொற்றை முன்னிட்டு வேற்றுமை காட்டுவதைத் தடுக்கிறது. முறையீடுகளை விசாரிக்க மாநிலந்தோறும் ஓர் அதிகாரியை நியமிக்கவும் பணிக்கிறது.

எனினும் மொழி அறியாத ஊரில் குறையை எவரிடம், எவ்வாறு உரைப்பது? இவ்வூர் மொழியை நன்கறிந்த சங்க அன்பர்கள் சிலர் துணை சென்று, நோயாளி சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் எடுத்துரைக்க முன்வரலாம். அவர்கள் கேட்டதை வீட்டாரிடமும் சொல்லாதவர்களாக இருத்தல் வேண்டும்.