சீலிங்குக்கு மேலே ஒரு தொட்டி

போன அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை. பாத்ரூமிலிருந்து மகள் கத்தினாள்: "அப்பா, சீலிங்ல யாரோ டீ கொட்டியிருக்காங்க!"

போய் அண்ணாந்து பார்த்தேன். ஃபால்ஸ் சீலிங் பலகையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை. அதன் நடுவில் ஒரு சொட்டு, விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது.

மங்காஃபில் எங்கள் மாதிரி ஃபிளாட்டுகளில் வாட்டர் ஹீட்டர் அந்தப் பலகைக்கு மேலேதான் இருக்கும். நாங்கள் குடிவந்து ஆறு வருஷம். இந்த ஆறு வருஷத்தில் அதை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும், அவ்வளவுதான் தெரியும்.

ஹாரிஸிடம் சொன்னேன். அவர் ஒரு பிளம்பரைக் கூட்டி வந்தார். பரமக்குடிப் பக்கத்துக்காரர். ஏணியில் ஏறி, பலகையை நகர்த்தி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "ராடு எப்ப சார் மாத்துனீங்க?"

"எந்த ராடு?"

அவர் பதில் சொல்லவில்லை. கரண்டை அணைத்து, தண்ணீரை வடித்து, ஹீட்டரின் அடிமூடியைக் கழற்றி, எலிமென்ட்டை வெளியே இழுத்தார். அதன் பக்கத்தில் ஒரு மெல்லிய கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. தீபாவளியன்று எரிந்து முடிந்த கம்பி மத்தாப்பு இருக்குமே, அதே மாதிரி.

"இதைச் சுத்தி விரல் தடிமனுக்கு மெக்னீசியம் இருந்திருக்கும் சார். அது இருக்கிற வரைக்கும் துரு அதைத்தான் தின்னும். அது தீர்ந்து போச்சு, தொட்டியைத் தின்ன ஆரம்பிச்சிருச்சு."

ஒட்டுப் போட முடியாதா என்று கேட்டேன். தொட்டியின் உட்பக்கம் கண்ணாடி மாதிரி எனாமல் பூச்சு; வெல்டிங் வைத்தால் சுற்றியிருக்கிற பூச்சும் உதிர்ந்துவிடும், பிரயோஜனமில்லை என்றார். ராடு சில தினார்தான். புது ஹீட்டருக்கும் கூலிக்கும் அதைப் போலப் பத்து மடங்கு ஆனது.

பணம் போனதைவிட இன்னொன்றுதான் என்னை அன்றைக்குத் தூங்கவிடவில்லை. எக்ஸாஸ்ட் ஃபேனுக்குப் போகிற ஒயரின் ஜாயின்ட் ஒன்று, வெறும் டேப் சுற்றியபடி, அதே பலகையின் மேல் கிடந்தது. ஈரத்துக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி.

இந்த ஊரின் பெயரை நீங்கள் எப்படிக் கேள்விப்பட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். 2024 ஜூன் 12 விடியற்காலையில் மங்காஃபில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் தீப்பிடித்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் உயிரிழந்தார்கள். அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். மின்கோளாறுதான் காரணம் என்று விசாரணையில் சொன்னார்கள். அதற்கும் வாட்டர் ஹீட்டருக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு, ஈரத்தையும் ஒயரையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்துவிட்டு "அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

அதனால்தான் இந்த மாதம் ராடைப் பற்றி எழுதுகிறேன்.

ராடு என்ன செய்கிறது?

ஹீட்டர் தொட்டி இரும்பு. உள்ளே எனாமல் பூச்சு இருந்தாலும், அதில் கண்ணுக்குத் தெரியாத ஊசித் துளைகள் இருக்கத்தான் செய்யும். சூடான தண்ணீர் அந்தத் துளைகள் வழியாக இரும்பைத் தொடும். அங்கேதான் துரு ஆரம்பிக்கும்.

இரும்பைவிடச் சீக்கிரம் கரையக்கூடிய ஓர் உலோகத்தை அதோடு சேர்த்து அதே தண்ணீரில் வைத்தால், அந்த உலோகம் முதலில் கரையும், இரும்பு தப்பிக்கும். மெக்னீசியம், அலுமினியம், துத்தநாகம் மூன்றும் இப்படிப்பட்டவை. நாம் பள்ளியில் படித்த பேட்டரி சமாசாரம்தான். ராடு ஒரு முனை, தொட்டி மறுமுனை, நடுவில் தண்ணீர். ராடுக்கு ஆனோடு என்று பெயர்.

1824-ல் ஹம்ப்ரி டேவி லண்டன் ராயல் சொசைட்டிக்குச் சொன்ன யோசனை இது. அப்போது பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடியில் செப்புத் தகடு அடித்திருப்பார்கள். கடல்நீர் அதை அரித்துக்கொண்டே இருந்தது. செம்போடு சிறு இரும்புத் துண்டையோ துத்தநாகத் துண்டையோ சேர்த்து வைத்தால் போதும் என்றார் டேவி. சோதித்துப் பார்த்த கப்பல்களில் ஒன்று சமராங், நம் கொச்சியில் கட்டியது. செம்பு தப்பித்தது. ஆனால் கரையும் செம்புதான் அதுவரை பாசியையும் சிப்பியையும் விரட்டிக்கொண்டிருந்தது. கரைவது நின்றதும் அவை அடியில் அப்பிக்கொண்டு கப்பலின் வேகத்தைக் குறைத்தன. கடற்படை அந்த யோசனையைக் கைவிட்டது. இன்றைக்கு எஃகுக் கப்பல், கடலடிக் குழாய், உங்கள் வீட்டு ஹீட்டர் எல்லாவற்றிலும் அதே யோசனைதான் வேலை செய்கிறது.

இந்தத் துறைக்கென்று நம் ஊரிலேயே பெரிய ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது: காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். 1948-ல் அடிக்கல் நாட்டி 1953-ல் திறந்தார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். கடல் காற்று இரும்பை என்ன செய்கிறது என்று மண்டபத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது, செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்த கையோடு பிள்ளைகளுக்கு இதையும் காட்டிச் சொல்லலாம்.

வளைகுடாத் தண்ணீர்

குவைத்தில் ஆறு கிடையாது. ஒரு காலத்தில் ஷத் அல் அரபிலிருந்து பாய்மரக் கப்பலில் குடிதண்ணீர் வந்த ஊர் இது. 1953-ல் ஷுவைக்கில் அரசின் முதல் கடல்நீர் வடிப்பு ஆலை வந்தது. இன்றைக்குக் குழாயில் வருவது பெரும்பாலும் கடலில் இருந்து எடுத்த தண்ணீர்தான்.

வடித்த தண்ணீரில் தாது உப்பு இருக்காது. அப்படிப்பட்ட தண்ணீர் பசியோடு இருக்கும். குழாயிலிருந்தே உலோகத்தைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். அதனால் ஆலையிலேயே கொஞ்சம் உவர் நிலத்தடி நீரைக் கலந்து, காரத்தன்மையைச் சரிசெய்து, குளோரின் சேர்த்து அனுப்புகிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் நன்றாகப் பாயும். ராடும் அதற்கேற்ப வேகமாகக் கரையும். சூடு கூடக்கூட இன்னும் வேகம். பொதுவாக மூன்றிலிருந்து ஐந்து வருஷம் வரும் என்பார்கள். எங்கள் வீட்டு ராடு ஆறு வருஷமாக மாற்றப்படவில்லை.

இன்னொரு விஷயம். ஜூலை, ஆகஸ்டில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும். பச்சைத் தண்ணீர்க் குழாயில் கைவைக்க முடியாது. அதனால் ஹீட்டரை அணைத்துவிட்டு, வீட்டுக்குள் ஏசி குளிரில் ஆறிய அந்தத் தொட்டித் தண்ணீரை வெந்நீர்க் குழாய் வழியாக எடுத்துக் குளிப்போம். எங்கப்பா காலத்திலிருந்து இங்கே எல்லா வீட்டிலும் செய்கிற வேலை. நல்ல யோசனைதான். ஆனால் அந்த மாதங்களில் ஹீட்டர் ஓய்வில் இருக்கிறது என்று நான் நினைத்தது தப்பு. சுவிட்ச் அணைந்திருந்தாலும் தண்ணீர் உள்ளேதான் நிற்கிறது, ராடும் கரைந்துகொண்டுதான் இருக்கிறது. துருவுக்கு லீவு கிடையாது.

அணைத்து வைத்த தொட்டியில் வேறொரு ஆபத்தும் உண்டு. 20 முதல் 45 டிகிரி வரை வெதுவெதுப்பாகத் தேங்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும். ஷவர் சாரலோடு மூச்சில் போனால் நிமோனியா வரலாம். வயதானவர்களுக்கு அபாயம் அதிகம். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்துத் திரும்பினால், உடனே ஷவரில் நிற்காதீர்கள். ஹீட்டரை 60 டிகிரியில் சில மணி நேரம் ஓடவிட்டு, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, எல்லா வெந்நீர்க் குழாய்களையும் சில நிமிடம் திறந்து விட்டுவிட்டுப் பிறகு குளியுங்கள். 60 டிகிரித் தண்ணீர் சில விநாடிகளில் பிள்ளைகளின் தோலைப் புண்ணாக்கிவிடும். அந்த நேரத்தில் அவர்களைப் பாத்ரூம் பக்கம் விடாதீர்கள். மற்ற நாட்களிலும் முதலில் பச்சைத் தண்ணீரைத் திறந்து பிறகு வெந்நீரைக் கலக்கப் பழக்குங்கள்.

என்ன செய்ய வேண்டும்?

வருஷத்துக்கு ஒரு தடவை, குளிர்காலத்துக்கு முன்னால், தெரிந்த பிளம்பரை வைத்து ஹீட்டரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். நீங்களே ஏற வேண்டாம். ஆனால் பக்கத்தில் நில்லுங்கள்.

முதலில் டிபி பாக்ஸில் ஹீட்டரின் பிரேக்கரை இறக்க வேண்டும். சுவரிலுள்ள சுவிட்ச் மட்டும் போதாது. தண்ணீர் ஆறியதும் வரத்துக் குழாயின் வால்வை அடைத்து, தொட்டியை வடிக்க வேண்டும். கூடவே அடியில் தங்கிய வண்டலும் காரையும் வரும். ராடு பாதிக்கு மேல் மெலிந்திருந்தாலோ, உள்கம்பி வெளியே தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். பிளம்பர் "இன்னும் ஒரு வருஷம் ஓடும் சார்" என்றாலும் கேட்காதீர்கள். திறந்த கையோடு ரப்பர் கேஸ்கெட்டையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழையதை மாட்டினால் அங்கேயே ஒழுகும்.

குளிர்ந்த நீர் உள்ளே நுழையும் இடத்தில் ஒரு சின்ன சேஃப்டி வால்வு இருக்கும். தண்ணீர் சூடாகும்போது அதிலிருந்து சில சொட்டு விழுவது சரிதான். ஒழுகுகிறதே என்று யாராவது அதை அடைத்தால், தொட்டியே வெடிக்கலாம். எர்த் ஒயர் இருக்கிறதா என்று பாருங்கள். டிபி பாக்ஸில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் இருந்தால், அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள்.

நடுவிலும் சில அறிகுறிகள் தெரியும். வெந்நீர்க் குழாயில் மட்டும் செம்பழுப்பாகத் தண்ணீர் வந்தால் உள்ளே துரு. வெந்நீரில் மட்டும் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால், பாக்டீரியாவும் மெக்னீசியமும் சேர்ந்து செய்கிற வேலை. அலுமினியம் துத்தநாகக் கலவை ராடு போட்டால் பெரும்பாலும் நிற்கும். சூடாகும்போது படபடவென்று சத்தம் கேட்டால், அடியில் காரை படிந்திருக்கிறது.

வாடகை வீட்டில் இது யார் வேலை? எங்கள் கட்டடத்தில் கேட்டதற்கு, "உபயோகிச்சது நீங்கதானே" என்று வந்தது பதில். ஹீட்டர் அவர்களுடையது, தண்ணீர் எங்களுடையது, ராடு யாருடையதும் இல்லை. அதனால்தான் ஆறு வருஷம் யாரும் பார்க்கவில்லை. புது வீட்டுக்குக் குடிபோகும் அன்றைக்கே, சாவி வாங்குகிற கையோடு ராடு எப்போது மாற்றினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டாலும் போதும். பதில் வராவிட்டால் உங்கள் காசிலேயே போட்டுவிடுங்கள்; தலைக்கு மேல் இருப்பது உங்கள் பிள்ளைகளின் தலைக்கு மேல்.

கேஸ் ஹீட்டர் இருப்பவர்களுக்கு

கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியாவில் இருக்கிறவர்களில் பலர் வீட்டில் கேஸில் சூடாகும் தொட்டி இருக்கும். அதிலும் இதே ராடுதான். பெரும்பாலும் மேல்பக்கம் அறுகோணத் தலை போட்டு இருக்கும். தண்ணீர் மென்மையாக்கும் கருவி வைத்திருந்தால் ராடு இன்னும் வேகமாகக் கரையும், அடிக்கடி பாருங்கள். செப்புக் குழாயை இரும்பு முனையோடு நேராக இணைத்தால் அந்த மூட்டும் துருப்பிடிக்கும். நடுவில் மின்காப்பு இணைப்பு வேண்டும். முக்கியமாக, புகை போகும் குழாய் துருப்பிடித்து ஓட்டையானால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும். அதற்கு வாசனையும் நிறமும் கிடையாது. அலாரம் வாங்கி மாட்டுங்கள்.

ஊரில் அப்பா அம்மா வீட்டில் இருப்பது திறந்தவுடன் சூடாகும் கேஸ் கீஸர் என்றால், அதில் தொட்டியும் இல்லை, ராடும் இல்லை. ஆனால் அது பாத்ரூமுக்கு உள்ளே இருக்கக்கூடாது. கதவை மூடிக் குளிக்கும்போது அதே வாயு ஆளைச் சாய்த்துவிடும். இன்றைக்கே போன் போட்டு, எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

புது ஹீட்டர் மாட்டி முடித்ததும், ஒயர் ஜாயின்ட்டை மூடிய பெட்டிக்குள் போட்டு ஓரமாக நகர்த்தச் சொன்னேன். மகளுக்கு ஒரு சோதனை செய்து காட்டினேன். இரண்டு டம்ளரில் உப்புத் தண்ணீர், ஆளுக்கொரு இரும்பு ஆணி. ஓர் ஆணியில் மட்டும் மெக்னீசிய நாடாவை இறுக்கிச் சுற்றினோம். சில நாளில் ஒரு டம்ளர் செம்பழுப்பாகிவிட்டது. இன்னொன்றில் ஆணி அப்படியே இருந்தது, நாடாதான் பொத்தலாகியிருந்தது. மீதியை அவளே சொல்லிவிட்டாள்.

அப்புறம் ஒரு துண்டு டேப்பில் அன்றைய தேதியை எழுதி, ஏணியில் என்னைப் பிடித்துக்கொண்டு ஏறி, ஹீட்டரின் வயிற்றில் ஒட்டினாள். நீங்களும் ஒரு தேதி எழுதி ஒட்டுங்கள். அடுத்த அக்டோபரில் அண்ணாந்து பார்க்க அது போதும்.