மாத்திரையால் ஏறும் எடை யார் கணக்கில்?

மனச்சிதைவுக்காக ஓலான்சபைன் சாப்பிடத் தொடங்குபவருக்கு முதல் சில வாரங்களிலேயே பசி தாறுமாறாகக் கூடிவிடலாம். இரவு சாப்பிட்டுக் கை கழுவியவர் சற்று நேரத்தில் மறுபடி சமையலறைக்குப் போவார். வயிறு நிறைந்ததை மூளை உணர்வதையே மருந்து மழுங்கடிக்கிறது. வீட்டாருக்கு அது தெரியாது. ‘வேலைவெட்டி இல்லாமல் தின்று பெருக்கிறான்’ என்ற ஏச்சுதான் மிஞ்சும். குளோசபைனும் இப்படித்தான். வலிப்புக்குத் தரும் வால்புரோயேட், மூட்டுவாதத்துக்குத் தரும் பிரெட்னிசொலோன், சர்க்கரைக்குப் போடும் இன்சுலின் ஆகியவையும் எடையைக் கூட்டக்கூடியவை.

மனநல மருத்துவர் மனதைப் பார்க்கிறார். சர்க்கரை மருத்துவர் சர்க்கரையைப் பார்க்கிறார். நடுவில் ஏறிய பதினைந்து கிலோ யார் கணக்கிலும் வராது. சிலர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டு, நோய் முற்றித் திரும்பி வருகிறார்கள். இன்னும் சிலர் பசியை அடக்கும் மாத்திரை தேடி மருந்துக் கடைக்குப் போகிறார்கள். நம்மைக் கவலைப்பட வைப்பது இந்த இரண்டாவது வழி.

பசியடக்கி மருந்துகளின் வரலாறு நம்பிக்கை தருவதாக இல்லை. இதய வால்வைக் கெடுத்ததால் ஃபென்ஃப்ளூரமைன் 1997இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. மாரடைப்பு, பக்கவாத அபாயம் காரணமாக சிபுட்ராமினை இந்தியா 2011இல் தடை செய்தது. ஆனாலும் ‘மூலிகை’ என்ற பெயரில் விற்ற மெலிவுப் பொருள்களில் அது ஒளிந்திருப்பதைப் பல நாட்டுச் சோதனைகள் கண்டுபிடித்தன. நம் விஷயத்துக்கு மிக நெருக்கமானது ரிமோனபன்ட். 2006இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற அந்த மாத்திரை மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் தூண்டுவது தெரியவந்தது. இந்தியா 2009இல் அதைத் தடை செய்தது. ஏற்கெனவே மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிட்டு எடை கூடிய ஒருவர் கையில் அது போய்ச் சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எடைக்குறைப்பு மருந்துகளின் பெரும்பாலான சோதனைகளில் தீவிர மனநோய் உள்ளவர்களைச் சேர்ப்பதே இல்லை. அதனால் மற்றவர்களுக்குப் பாதுகாப்பானது என்ற முத்திரையை அப்படியே இவர்களுக்கும் குத்திவிட முடியாது.

இன்று உலகில் புழங்கும் மருந்துகளையும் அப்படிப் பார்க்க வேண்டும். ஃபென்டர்மைன் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கூட்டும், மனப்பிறழ்வையும் கிளறிவிடலாம். புப்ரோபியான் கலந்த மாத்திரையால் வலிப்பு வரும் வாய்ப்பு உண்டு. ஆகவே வலிப்பு நோய்க்கு வால்புரோயேட் சாப்பிட்டு எடை கூடியவருக்கு அது கூடவே கூடாது. வலிப்பைத் தூண்டக்கூடிய குளோசபைனோடு சேரும்போதும் ஆபத்துதான். டோபிரமேட்டைக் கர்ப்பக் காலத்தில் உட்கொண்டால் குழந்தைக்கு உதட்டுப் பிளவு வரலாம். 2025இல் இந்தியக் கடைகளுக்கு வந்த டிர்செபடைட், வீகோவி ஊசிகள் குடலின் வேகத்தைக் குறைப்பவை. குளோசபைனோ உயிருக்கே உலை வைக்கும் அளவுக்கு மலச்சிக்கலை உண்டாக்கக்கூடியது. இரண்டும் ஒரே உடலில் சேரும்போது ‘காலையில் வயிறு போகிறதா?’ என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். ஊசியை நிறுத்தினால் குறைந்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது என்பதையும் மாதம் ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

இதற்காக ‘மனநோயாளிக்கு எடை ஒரு கேடா’ என்று கதவை மூடுவதும் தவறு. தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதய நோய் அதில் பெரும் பங்கு வகிக்கிறது. 2017இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்றில், குளோசபைன் அல்லது ஓலான்சபைன் சாப்பிடுபவர்களுக்கு எடையைக் குறைக்கும் லிராகுளூடைட் ஊசியை 16 வாரம் கொடுத்தபோது, வெற்று ஊசி போட்டவர்களைவிட 5.3 கிலோ கூடுதலாகக் குறைந்தது. விலை மலிவான மெட்ஃபார்மினும் ஓரளவு கைகொடுக்கிறது. மூல மருந்தையே மாற்றிப் பார்க்கும் வழியும் சிலருக்கு இருக்கிறது. இவற்றையெல்லாம் எடைபோட்ட பிறகே பசியடக்கியின் முறை வர வேண்டும்.

எடைபோடுவது என்றால் முதலில் எடை பார்ப்பதுதான். மனநல மருந்து எழுதும் அன்றே எடை, இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை மூன்றையும் சீட்டில் குறித்துவிட்டால், மூன்று மாதம் கழித்து யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. நோயாளியும் தான் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், யூடியூப் பார்த்து வாங்கிய பொடி உட்பட, மருத்துவர் மேசையில் வைக்க வேண்டும். திட்டு விழும் என்ற பயம் இருந்தால் வைக்க மாட்டார். எனவே திட்டாமல் கேட்பது மருத்துவரின் பங்கு. சீட்டு இல்லாமல் கேட்பவருக்கு ‘இல்லை’ என்று சொல்லும் கடைக்காரருக்கு வியாபாரம் பக்கத்துக் கடைக்குப் போய்விடும். அதைத் தடுக்க வேண்டியது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. ஒரு கடைக்காரரின் நேர்மை மட்டும் போதாது.

தமிழக அரசுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ஊழியர்கள் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். மனநல மருந்து சாப்பிடுபவர் இருக்கும் வீட்டில் எடையையும் குறித்துக்கொண்டு மாவட்ட மனநலக் குழுவுக்குத் தெரிவிக்கச் சொல்லலாம்.

மருந்தால் பாதிப்பு என்று சந்தேகம் வந்தால் நோயாளியோ வீட்டாரோ நேரடியாகவே தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம். மருந்துக் கடைக் கல்லாவின் மேல் அந்த எண்ணைத் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டும் வேலையை மருந்து வணிகர் சங்கங்கள் இந்த மாதமே தொடங்கலாம்.